மூன்று நாள் பேராசிரியை

பெனின் சிட்டி
7 மார்ச் 2005, திங்கட்கிழமை

எகோசாவுக்கு,

இன்று எனக்கு எழுபத்தொரு வயது, நான்கு மாதம், ஒன்பது நாள். இதை முதலிலேயே எழுதக் காரணம், நீ அனுப்பிய படிவத்தில் எனக்கு அறுபத்திரண்டு என்று போட்டிருக்கிறாய். மீதி ஒன்பது வருடங்களை எங்கே வைத்திருக்கிறாய் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பு. எனக்குப் பயன்படும்.

லாயிசோ. நம் வீட்டுக் காலை வணக்கத்தை இப்போது சொல்வதற்கு நாம் இரண்டு பேர்தான் மிச்சம். அதனால் உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை விடுவதாக இல்லை. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி அடேசுவாவின் முழங்கால் மழைக்கு முன்பே வலிக்கத் தொடங்கிவிட்டதா? எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். பக்கத்துத் தேவாலயத்தின் ஒலிபெருக்கியை நினைத்தால் அது நோயா வரமா என்று சொல்லத் தெரியவில்லை.

படிவத்துக்கு வருகிறேன். உக்பேகா பல்கலைக்கழகம், வேதியியல் துறை, முழுநேரப் பேராசிரியை, 2003 முதல். உக்பேகாவுக்கு நான் வந்தது ஒரே ஒரு முறை, உன் மாமனாரை அடக்கம் செய்தபோது. அன்றைக்கு நான் பாடம் எதுவும் நடத்தியதாக நினைவில்லை. அங்கீகாரக் குழு தலைநகரிலிருந்து வந்து போகும் மூன்று நாட்களுக்கு உன் துறையில் ஒரு பேராசிரியை உட்கார்ந்திருக்க வேண்டும். குழுவின் கார் வாயிலைத் தாண்டியதும் அவள் எழுந்து வீட்டுக்குப் போகலாம். கல்யாண வீட்டுக்கு நாற்காலி வாடகைக்கு எடுப்பது போல என்னை எடுக்கப் பார்க்கிறாய். நாற்காலிக்காரனாவது எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவான்.

படிவத்தைக் கையெழுத்திடாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் கூப்பிட்டுக் கெஞ்சாதே. தொலைபேசியில் சொன்னதைச் சொல்லவில்லை என்று சாதிக்கலாம். உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

வேளைக்குச் சாப்பிடு. கிழங்கைக் குறை.

உன் அக்கா
இசோகென்


உக்பேகா
19 மார்ச் 2005

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

லாயிசோ. தாங்கள் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அடேசுவா முழங்காலைப் பிடித்துக்கொண்டே தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

வயதைத் தட்டச்சுக்காரர் தவறாகப் போட்டுவிட்டார். அதை விடுங்கள். நிலைமையைத் தங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்பது என் குற்றம்.

இரண்டு வருடம் முன்பு வந்த குழு எங்களுக்குத் தேர்ச்சி தரவும் இல்லை, எங்களை முழுதாகத் தள்ளவும் இல்லை. 'குறைகளைத் திருத்திக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். இந்த முறையும் தேறாவிட்டால் துறையை மூட வேண்டியதுதான். இறுதியாண்டில் அறுபத்துமூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கப்போகும் பட்டத்தை நாட்டில் ஒருவரும் பட்டமாக மதிக்க மாட்டார்கள். பட்டதாரிகள் எல்லோரும் ஒரு வருடம் செய்யும் தேசிய சேவைக்குக்கூட அழைக்க மாட்டார்கள். அந்த அறுபத்துமூன்றில் ஒருத்தி என் மகள் இவியே.

முனைவர் பட்டம் பெற்றவர்கள் இரண்டு பேராவது வேண்டும், அதில் ஒருவர் பேராசிரியராக இருக்க வேண்டும் என்பது விதி. நான் ஒருவன் இருக்கிறேன். கருவிகளுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. பக்கத்து மாநிலக் கல்லூரியிலிருந்து நிறமாலைமானி வருகிறது. நூலகத்துக்கு நானூறு புத்தகம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. எல்லோரும் செய்வதுதான் அக்கா. நமக்குக் கொடுப்பவர்களுக்கு அடுத்த வருடம் நாம் கொடுப்போம்.

தங்களிடம் நான் கேட்பது மூன்று நாள், ஒரு கையெழுத்து, தங்கள் முனைவர் பட்டச் சான்றிதழின் நகல் ஒன்று. அவ்வளவுதான்.

நம் பல்கலைக்கழகங்கள் உலகத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாதா? பட்டியலைக் கீழேயிருந்து படித்தால்தான் நம் பெயர் வருகிறது. தாங்களே சொல்லுங்கள், எப்படித் திருத்துவது? திருத்தும் வரைக்கும் இந்த அறுபத்துமூன்று பேரை என்ன செய்வது?

தங்கள் தம்பி
எகோசா


பெனின் சிட்டி
2 ஏப்ரல் 2005

எகோசாவுக்கு,

லாயிசோ. காது அப்படியே இருக்கிறது. மாமரம் காய்த்துக் கொட்டுகிறது, பொறுக்க ஆளில்லை.

சென்ற சனிக்கிழமை ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தலில் எரேபோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தெரியுமே, ஒரே வாரத்தில் நான்கு பல்கலைக்கழகங்கள் 'எங்கள் பேராசிரியர்' என்று கைகாட்டிய மனிதர். திங்களன்று கிழக்கே, புதனன்று மேற்கே, ஒரே காரில், ஒரே கோட்டில். கொஞ்சமும் கூச்சமில்லாமல் அவரே சொன்னார்:

"நான் பறவை மாதிரிம்மா. எல்லா மரமும் என் மரந்தான்."

"தெரியுது எரேபோ. நீங்க உட்கார்ந்த மரத்துக்குக் கீழெல்லாம் பார்த்தாலே தெரியுது."

அவர் சிரித்தார். அவமானப்படத் தெரியாத ஒரு தலைமுறையைப் பேராசிரியர்களாக்கி வைத்திருக்கிறோம்.

எப்படித் திருத்துவது என்று கேட்டாய். கேட்டதற்காக வருத்தப்படுவாய். ஒவ்வோர் ஆளுநரும் தன் மாமியார் ஊரில் பேருந்து நிறுத்தம் வைப்பது போலப் பல்கலைக்கழகம் வைக்கிறார். முதலில் அவற்றில் பாதியை மூடு. மூடிய இடங்களில் கோழி வளர்க்கலாம். கோழிகள் வளர்ந்தனவா இல்லையா என்பதாவது தெரியும். துணைவேந்தர் எங்கள் மண்ணின் மைந்தனாக இருக்க வேண்டும் என்று சந்தைப் பெண்களையும் ஊர்ப் பெரியவர்களையும் வாயிலில் கொண்டுவந்து நிறுத்துகிறீர்களே, அதற்குப் பதில் ஒரு விதி போடு: அந்த மண்ணில் பிறந்தவன் அந்த வாயிலுக்குள் வேலை கேட்கக் கூடாது. படித்த இடத்திலேயே பாடம் நடத்தவும் கூடாது. தன் ஆசிரியரின் பழைய குறிப்புகளை வாசித்துக் காட்டுகிறவன் ஆசிரியன் ஆக மாட்டான்.

கட்டுரைகளை எண்ணிப் பதவி கொடுப்பதை நிறுத்து. பதவி உயர்வுக் குழுவில் நான் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் பதினெட்டுக் கட்டுரை கொண்டுவந்தார். பதினெட்டும் அவருடைய மைத்துனரின் அச்சகத்தில் அச்சான ஆய்விதழில். அவற்றைப் படித்த ஒரே மனிதர் அச்சுக்கோத்தவர். அவரும் பாதியில் தூங்கியிருப்பார். உன்னை யாரென்றே தெரியாத, உன் ஊர்க் குழம்பு எப்படி ருசிக்கும் என்று தெரியாத ஒருவர் படித்துப் பார்த்து நல்லது என்று சொல்லட்டும். அதற்கு ஐந்து வருடம் ஆனால் ஆகட்டும்.

இன்னொன்று. குழு வரும் தேதியை முன்கூட்டிச் சொல்வதை நிறுத்தச் சொல். மூன்று மாதம் முன்பே கடிதம் எழுதி, வண்டி அனுப்பச் சொல்லி, எந்த மீன் பிடிக்கும் என்றும் தெரிவித்துவிட்டு வருவதைச் சோதனை என்று சொல்லும் நாடு நம்முடையது மட்டுமாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சொல்லாமல் வந்து, கையில் கிடைத்த மாணவனிடம் 'ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது' என்று மட்டும் கேட்டால் போதும். பாதித் துறைகள் அங்கேயே விழுந்துவிடும்.

அறுபத்துமூன்று பேரை வேறோர் இடத்துக்கு அனுப்பி ஒரு வருடம் உண்மையாகப் படிக்க வை. அழுவார்கள். அழட்டும்.

அடேசுவாவுக்கு வேப்பெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். முழங்காலுக்குத்தான், உனக்கல்ல.

இசோகென்


உக்பேகா
30 ஏப்ரல் 2005

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

லாயிசோ. எண்ணெய் வந்தது. அடேசுவா நன்றி சொல்கிறாள்.

ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது. எத்தனை நாள் என்று தெரியாது. குழு வருவதும் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போயிற்று. ஒருவிதத்தில் நல்லதுதான், ஆய்வகக் கூரை ஒழுகுவதை அடைத்துவிடலாம்.

தாங்கள் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து வருடமாக ஆய்வகத்துக்கென்று ஒரு காசுகூட வரவில்லை. ஜெனரேட்டருக்கு டீசலைக் கேனில் வாங்கி நானே ஊற்றுகிறேன். தாங்கள் இங்கிலாந்தில் படித்தபோது குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்திருக்கும். எங்களுக்குக் குழாய் இருக்கிறது, அவ்வளவுதான்.

வகுப்பு இல்லாததால் இவியே அங்கே வருகிறாள். நான் அனுப்பவில்லை, அவளாகத்தான் கேட்டாள். திரும்பும்போது சான்றிதழ் நகலை அவளிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

எகோசா


பெனின் சிட்டி
22 மே 2005

எகோசாவுக்கு,

லாயிசோ. உடம்பு பரவாயில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக நீ எழுதியதைப் பற்றி உன் மகளிடம் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனவே உன் கடிதங்களில் உள்ள மற்றச் செய்திகளையும் அதே கண்ணோடு படிக்கிறேன்.

இவியே நான்கு நாள் இருந்தாள். உன்னைப் போல இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். சமையலறையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன்:

"அமிலமும் காரமும் சேர்றப்போ நிறம் மாறுமே, அதை எத்தனை தடவை செஞ்சிருக்க?"

"செஞ்சதில்ல அத்தை. பலகையில எழுதிப் போடுவாங்க. 'கரைசல் இளஞ்சிவப்பாக மாறுகிறது'ன்னு."

"எந்த மாதிரி இளஞ்சிவப்பு?"

"சாக்பீஸ் வெள்ளைதான்."

நான்கு வருடம் வேதியியல் படித்த பெண். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட ஒரு ப்யூரெட்டைக் கையில் பிடித்ததில்லை. அறுபத்துமூன்று பேருக்கு இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஒழுகும், அதை அப்பா அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார் என்றாள். துறையின் பெருமைக்குரிய சின்னமாக அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமே?

கடைசி நாள் சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"அத்தை, அப்பாவோட துறை ஒரு கூத்துன்னு எனக்கும் தெரியும். ஆனா டிக்கெட் வாங்கி நாலு வருஷம் உட்கார்ந்தாச்சு. கூத்து பார்த்ததுக்கு ஒரு சீட்டாவது வேணாமா?"

"அந்தச் சீட்ட வச்சு என்ன பண்ணுவ?"

"வேலைக்குப் போவேன். வேலைல கத்துக்குவேன். இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான கத்துக்கிட்டாங்க?"

"எல்லாரும் அப்படிக் கத்துக்கிட்டதாலதான் பாலம் விழுது."

"சரி. உங்க கை சுத்தமா இருக்கணும். அதுக்காக எங்க அறுபத்துமூணு பேரையும் கைகழுவணும். அப்படித்தான?"

அவளுக்கு இன்னொரு கரண்டி கீரைக் குழம்பு ஊற்றினேன்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வேலைநிறுத்தம் முடிந்ததும் உக்பேகாவுக்கு வருகிறேன். மூன்று நாள் இல்லை, மூன்று மாதம். ப்யூரெட்டுகளும் ரசாயனங்களும் என் செலவில் வாங்கி வருகிறேன். அறுபத்துமூன்று பேரையும் பத்துப் பத்துப் பேராக நிறுத்திச் செய்முறை சொல்லித்தருகிறேன். சம்பளம் வேண்டாம். பட்டியலில் என் பெயரும் வேண்டாம். வெளியாள் ஒருத்தி வந்து கற்பித்தாள் என்று மட்டும் குழுவிடம் சொல். தங்குவதற்கு உன் வீட்டுப் பின்னறை போதும். அடேசுவாவிடம் சொல், என் சமையலை நானே பார்த்துக்கொள்வேன்.

இசோகென்


உக்பேகா
10 ஜூன் 2005

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

லாயிசோ. தங்கள் கடிதத்தை அடேசுவாவுக்குப் படித்துக் காட்டினேன். தங்கள் பெரிய மனதை நினைத்து அவள் கண் கலங்கினாள்.

ஆனால் அக்கா, தங்களுக்கு ஏன் அந்தச் சிரமம்? இந்த வயதில் ஆய்வகத்தில் நிற்பது முடிகிற காரியமா? எங்களுக்கு வேலை செய்ய ஆள் தேவையில்லை. ஆளைக் குழு எண்ணாது. பட்டியலில் பெயர், பெயருக்கு எதிரே பட்டம், பட்டத்துக்குச் சான்றிதழ், இவ்வளவுதான் எண்ணுவார்கள். பெயரில்லாமல் தாங்கள் மூன்று மாதம் உழைத்தாலும் எங்களுக்கு ஒரு மதிப்பெண்கூட வராது. பெயர் இருந்தால் தாங்கள் வராவிட்டாலும் பதினைந்து மதிப்பெண்.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்கிறேன். அந்தப் பதவி உயர்வுக் குழுவில் பன்னிரண்டு வருடம் இருந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். பல்கலைக்கழகத்துக்குள் முப்பது வருடம் இருந்தீர்கள். பதினெட்டுக் கட்டுரைக்காரருக்குக் கையெழுத்திடத் தாங்கள் மறுத்தீர்களா? எனக்குத் தெரிந்து அவர் பேராசிரியர் ஆகிவிட்டார்.

ஒரு தாள்தான் அக்கா கேட்கிறேன். அது இல்லாமல் ஒருவரும் தங்களைப் பேராசிரியை ஆக்கியிருக்க மாட்டார்கள். அது எங்கோ ஒரு பெட்டியில் சும்மா கிடக்கிறது.

எகோசா


உக்பேகா
14 ஆகஸ்ட் 2005

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

லாயிசோ. இரண்டு மாதமாகத் தங்களிடமிருந்து கடிதம் இல்லை. ஓட்டுநரிடம் கேட்டேன்; அம்மா வாசலில் நின்றார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள், பதில் ஒன்றும் இல்லை என்றார்கள் என்றார். ஜூன் மாதம் நான் எழுதியது தங்களைப் புண்படுத்தியிருந்தால் தம்பி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறான்.

வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது, குழு 22ஆம் தேதி வருகிறது. வேறு வழி தெரியாமல் தங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். வயது சரியாகவே போட்டிருக்கிறது. 'சிறப்பு ஒப்பந்தத்தில்' என்று எழுதிவிட்டோம். வருகைப் பதிவேட்டில் இரண்டு வருடத்துக்குத் தங்கள் கையெழுத்தை அலுவலகத்தில் போட்டு முடித்துவிட்டார்கள். தங்கள் அறை என்று ஒரு கதவில் பெயர்ப் பலகையும் மாட்டியாயிற்று. அடேசுவா அந்த அறைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள்.

தாங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை. உடல்நலக் குறைவு என்று சொல்லிக்கொள்கிறேன். மறுக்க மட்டும் வேண்டாம்.

எகோசா


பெனின் சிட்டி
17 ஆகஸ்ட் 2005

எகோசா,

என் பெயரை எடு. பலகையைக் கழற்று. திரைச்சீலையை அடேசுவா வீட்டு ஜன்னலில் போட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு உடல்நலக் குறைவு இல்லை.

இசோகென்


உக்பேகா
5 செப்டம்பர் 2005

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

லாயிசோ. தங்கள் 17ஆம் தேதிக் கடிதம் 25ஆம் தேதிதான் கைக்கு வந்தது. பாலத்துக்கு அருகே பேருந்து பழுதாகிவிட்டதாம். எல்லாம் ஆண்டவன் செயல் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குள் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

நடந்ததைச் சொன்னால் தாங்கள்கூடச் சிரிப்பீர்கள். இரவல் வந்த நிறமாலைமானியின் பக்கவாட்டில் அந்தக் கல்லூரியின் பெயர் பெரிய வெள்ளை எழுத்தில் இருந்தது. அதை மறைக்க ஆய்வக உதவியாளர் எங்கள் தேவாலய நாட்காட்டியை ஒட்டிவிட்டார். குழுவில் வந்த ஒருவர் பத்து நிமிடம் அந்த நாட்காட்டியையே படித்துக்கொண்டிருந்தார். என் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் திரும்பி, "உங்க ஆராதனை ஏழு மணிக்கா எட்டு மணிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு ஆசிரியர் கோப்புகள். தங்கள் கோப்பில் சான்றிதழ் இல்லாததை ஓர் இளைய உறுப்பினர் கண்டுபிடித்துவிட்டார். "இந்தம்மாவோட முனைவர் பட்டம் எங்க சார்?" என்றார். அப்போது குழுத் தலைவர் பேராசிரியர் ஒசுண்டே கோப்பை வாங்கிப் பெயரைப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார் அக்கா.

"இவங்க என்னோட டீச்சர். எழுபத்திரண்டுல எனக்கு முதலாண்டுல பாடம் எடுத்தாங்க. என் ஆய்வுக்குறிப்பேட்டை மூணு தடவ கிழிச்சுப் போட்டவங்க. இவங்ககிட்ட சான்றிதழ் கேக்குற அளவுக்கு நான் இன்னும் பெரிய ஆள் ஆகல. தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அவங்க டாக்டர்."

இளையவர் மன்னிப்புக் கேட்டார். தங்கள் சான்றிதழைக் கேட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

முழு அங்கீகாரம், அக்கா. ஐந்து வருடத்துக்கு. அதுவரை ஒருவரும் வந்து பார்க்க மாட்டார்கள். இம்மாதம் 30ஆம் தேதி முடிவு அதிகாரபூர்வமாக வெளிவரும். அதற்குள் ஒரு நகல் கிடைத்தால் கோப்பில் சேர்த்துவிடலாம், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஒசுண்டே சொல்லிவிட்டுப் போனார். இவியே தோழிகளுக்கெல்லாம் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சேவைக்குப் போகும் முன் ஒரு நன்றி ஆராதனை வைக்கப் போகிறோம். எல்லோரும் ஒரே மாதிரி உடுத்த அடேசுவா துணி பார்த்துவிட்டாள். தங்களுக்கும் ஐந்து கெஜம் எடுத்து வைத்திருக்கிறது.

தங்கள் தம்பி
எகோசா


பெனின் சிட்டி
12 செப்டம்பர் 2005

எகோசாவுக்கு,

லாயிசோ. நான் நலம். துணி வேண்டாம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏமாற்றுக்காரர்கள் தோற்றால் எனக்கு மகிழ்ச்சி; வென்றால் பழக்கம். எனவே நாட்காட்டியும் பதிவேடும் என்னை ஒன்றும் செய்யவில்லை. என்னை அசைத்தவர் ஒசுண்டே. நாற்காலியை விட்டு எழுந்து நின்றாரே, அங்கேதான் நம் பல்கலைக்கழகங்களின் கதை முழுவதும் இருக்கிறது. பணம் இல்லை என்று நீ எழுதினாய், அது உண்மை. எரேபோக்கள் மலிந்துவிட்டார்கள் என்று நான் எழுதினேன், அதுவும் உண்மை. ஆனால் அந்த அறையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவன் அந்த இளைஞன். வயதில் மூத்தவளிடம் காகிதம் கேட்பது மரியாதைக் குறைவு என்று சொல்லி அவன் வாயை அடைத்தார்கள். குளிர்ந்த நாடுகளில் நோபல் பரிசு வாங்கியவனிடமும் 'அந்த அளவீட்டை எங்கே எடுத்தாய், காட்டு' என்று கேட்பார்கள். அவனும் காட்டுவான். நாம் குனிந்து வணக்கம் சொல்கிறோம்.

ஜூன் மாதம் நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். பதினெட்டுக் கட்டுரைக்காரருக்குக் கையெழுத்திட நான் மறுக்கவில்லை. இட்டேன். இட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அவரைப் பற்றி நகைச்சுவையாகப் பேசினேன். அவர் கோப்பைத் தோண்டினால் இன்னொருவர் என் கோப்பைத் தோண்டுவார் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் அப்படி ஏதோ ஒன்று இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஒசுண்டேவுக்கு நேற்று ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். 30ஆம் தேதிக்கு முன் அவர் கையில் இருக்கும். என் பெயரை அடித்துவிட்டுத் துறையை மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறேன். அறுபத்துமூன்று பேரையும் ஒழுங்கான ஆய்வகம் உள்ள வேறோர் இடத்தில் சேர்த்து, ஆறு மாதம் செய்முறை நடத்தி, வெளியாட்களை வைத்துத் தேர்வு வைக்கும்படியும் கேட்டிருக்கிறேன். செய்வாரா என்று தெரியாது. ஐந்து வருடம் ஒருவரும் வந்து பார்க்காவிட்டால் உன் ஆய்வகத்துக்கு இரண்டாவது ப்யூரெட் வராது என்பது மட்டும் தெரியும். உன் தலைமைப் பதவி போகலாம். இவியே என்னோடு பேச மாட்டாள். அவள் வெறுப்பது சரிதான், தடுக்காதே.

ஒசுண்டேவுக்குச் சொன்னதை உனக்கும் சொல்ல வேண்டும். உனக்கு அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் முன்பே.

1967 ஏப்ரலில் நான் கப்பலில் வந்து இறங்கியபோது உனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகத்துக்கு வாடகைப் பேருந்து பிடித்துக்கொண்டு ஐம்பது பேர் வந்திருந்தீர்கள். எல்லோரும் ஒரே துணியில் உடுத்தியிருந்தீர்கள், நீல நிறம், மயில் போட்டது. நான் படியில் கால் வைக்கும் முன்பே அப்பா 'டாக்டர்' என்று கூப்பிட்டார். மறுநாள் ஆடு வெட்டி நன்றி ஆராதனை. முடிவு வந்துவிட்டதா என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வருடம் போய்விட்டு வந்தவள் வெறுங்கையோடு வருவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சொல்லியிருக்கலாம். அந்தத் துணியைப் பார்த்த பிறகு சொல்லவில்லை.

இரண்டு தேர்வாளர்கள் என் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் அத்தியாயத்தின் அளவீடுகளை மறுபடி எடுத்து இரண்டு வருடத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். எட்டு மாத வேலை. அவர்கள் சொன்னது நியாயமானதும்கூட. அதைக் கேட்க எனக்கு அவமானமாக இருந்தது, கிளம்பி வந்துவிட்டேன். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. போர் முடிந்தபோது கெடுவும் முடிந்திருந்தது. 1968 ஜனவரியில் வேலையில் சேர்ந்த அன்று பதிவாளர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் சான்றிதழ் எங்கே என்று மரியாதையாகக் கேட்டார். தபாலில் வருகிறது என்றேன். அதற்குப் பிறகு, நான் ஓய்வு பெறும் வரை, ஒருவரும் கேட்கவில்லை.

நான் டாக்டர் இல்லை, எகோசா. ஒருநாளும் இருந்ததில்லை.

இசோகென்